வலைக்குள் நாம், வலைமேல் நுளம்பு

ஹேவாஹெட்டயில் நுளம்பு வலையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். “இரவில் இரண்டு கம்பளி போர்த்திப் படுக்கிற இடத்தில் நுளம்பு எங்கே, வலை எங்கே?” என்பது அவர்களுடைய கேள்வி. அதில் நியாயம் உண்டு. மலேரியாக் கிருமி நுளம்பின் உடலுக்குள் வளர்வதற்குச் சூடு வேண்டும். ஏறக்குறைய 16 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். அதற்குச் சற்று மேலே இருந்தாலும் மிக மெதுவாகவே வளரும். கிருமி முற்றுமுன் நுளம்பு தன் ஆயுள் முடிந்து செத்துவிடும். ஆகவேதான் தேயிலை விளையும் உயர்ந்த மலைகளில் மலேரியா நிலைகொண்டதில்லை.

ஆனால் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களுள் பல இன்று அந்தக் குளிருக்குள் நிலையாக இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலின் மழையோடு மலை சரிந்தது. லயத்தையும், மரக்கறித் தோட்டத்தையும், கறவை மாட்டையும் இழந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். வன்னியில் உள்ள உறவினரிடம் போகலாமா, மகியங்கனைப் பக்கம் காணி கிடைக்குமா என்று கேட்போரும் உள்ளனர். சிலர் அறுவடைக் காலத்தில் கீழே போய்க் கூலி வேலை செய்து திரும்புகிறார்கள். மலையிலிருந்து இறங்குகிறவர் புதிய மண்ணை மட்டுமல்ல, புதிய நுளம்பையும் சந்திக்கிறார். அவருக்காகவே இக்கட்டுரை.

“இலங்கையில்தான் மலேரியா இல்லையே” என்று உடனே ஒருவர் சொல்லக்கூடும். உண்மை. உள்நாட்டில் நிலவிவந்த தொற்றின் கடைசி நோயாளி 2012 ஒக்ரோபரில் கண்டறியப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் ஒழிந்தது கிருமி, நுளம்பு ஒழியவில்லை. கிருமியை இரத்தத்தில் சுமந்தபடி வெளிநாட்டிலிருந்து வருவோர் ஆண்டுதோறும் இருக்கின்றனர். 2018 இறுதியில் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் இரத்தத்திலிருந்து உள்ளூர் நுளம்பு வழியாக இன்னொருவருக்கு மலேரியா தொற்றியது. அது பரவாமல் உடனே தடுக்கப்பட்டது. எனினும் நுளம்பு தன் வேலையை மறக்கவில்லை என்பதை அது காட்டிவிட்டது.

மலையிலிருந்து இறங்கியவர்கள்

மலையகத்தாருக்கும் முறைக்காய்ச்சலுக்கும் உள்ள உறவு பழையது. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணற்படுகையில் தெளிந்த நீர்க்குட்டைகளாகத் தங்கின. அந்தக் குட்டைகளில் பெருகிய நுளம்புகள் கேகாலை, குருநாகல் பகுதிகளில் பெரும் அழிவைக் கொண்டுவந்தன. 1935 நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மழை நிறைந்த ஊர்களில் வாழ்ந்த அவர்களுக்கு மலேரியா பழக்கப்படாத நோய். அவர்களது உடலில் அதற்கெதிரான சக்தி இருக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வறண்ட பிரதேசத்தில் மார்கழி, தை மழைக்குப் பின்னர் மலேரியா கூடும். மழை வளம் மிக்க நாட்டிலோ, மழை இல்லாத ஆண்டில்தான் அது வந்தது. ஓடும் ஆற்றில் குடம்பி நிலைக்காது. ஆறு நின்றால் வளரும். மனிதரே ஆற்றை நிறுத்தினாலும் இதுதான் நடக்கும். 1985இல் கொத்மலை அணை முடிந்தபின், நீரைச் சுரங்கவழி மின்நிலையத்துக்குத் திருப்பியதால் அணைக்குக் கீழே ஆற்றுப்படுகை பாறைக்குட்டைகளாக மாறியது. அடுத்து வந்த 1986–87 ஆண்டுகளின் தொற்றில், முன்னர் மலேரியா அறியாத மலைப்பகுதிகளிலும் நோய் தோன்றியது.

அதே காலத்தில்தான் விக்டோரியா நீர்த்தேக்கம் தெல்தெனியாவின் பழைய நகரத்தை விழுங்கியது. கண்டிப் பக்கத்து உழவர் பலர் கிராந்துருக்கோட்டை போன்ற புதிய மகாவலிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே அவர்களுக்குக் காணியும் வாய்க்கால் தண்ணீரும் கிடைத்தன. கூடவே காய்ச்சலும் கிடைத்தது.

தோட்டத் தமிழருடைய கதையும் வேறல்ல. 1970களின் பஞ்சமும், 1977, 1983 ஆண்டுகளின் வன்செயல்களும் மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் துரத்தின. காட்டை வெட்டித் துப்புரவாக்கி, தண்ணீர் கிட்ட இருக்கட்டும் என்று ஓடையோரமும் குளக்கட்டின் பக்கமும் கொட்டில் போட்டார்கள். தண்ணீருக்குக் கிட்டப் போனவர் நுளம்புக்கும் கிட்டப் போனார். உடவளவைப் பகுதியில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு, நுளம்பு பெருகும் இடத்திலிருந்து 750 மீற்றருக்குள் குடியிருப்போருக்கு மலேரியா ஆபத்து கூடுதல் என்று கண்டது. கதிர்காமத்தில் நடந்த இன்னோர் ஆய்வு, மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீட்டில் இருப்போருக்கு நல்ல கட்டடத்தில் இருப்போரைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஆபத்து என்று காட்டியது. சுவருக்கும் கூரைக்கும் இடையிலுள்ள திறந்த வெளிதான் நுளம்பின் வாசல். இடம்பெயர்ந்தோரின் முதல் வீடு எப்போதும் இப்படிப்பட்ட வீடாகவே இருக்கிறது. தறப்பாள் கூடாரமானால் வாசல் இன்னும் பெரிது.

இளைய நுளம்பும் முதிய நுளம்பும்

இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பின் பெயர் அனோபிலிஸ் குலிசிபேசிஸ். ஆண் நுளம்பு கடிப்பதில்லை. பெண் நுளம்புக்கு முட்டை விளைய இரத்தம் வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அது இரத்தம் குடித்து, முட்டையிட்டு, மீண்டும் இரத்தம் தேடி வரும். இந்த இனம் பெரும்பாலும் இரவில் கடிப்பது. வீட்டுக்குள்ளும் மாட்டுத் தொழுவத்திலும் சுவரில் ஒட்டியிருந்து இளைப்பாறுவது.

பலருக்குத் தெரியாத செய்தி இனித்தான் வருகிறது. புதிதாகப் பிறந்த நுளம்பு எத்தனை பேரைக் கடித்தாலும் மலேரியா கொடுக்காது. முதலில் அது நோயாளி ஒருவரைக் கடித்துக் கிருமியை உறிஞ்ச வேண்டும். அந்தக் கிருமி நுளம்பின் வயிற்றுச் சுவரில் வளர்ந்து, பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை வந்தடைய நமது தாழ்நிலத்துச் சூட்டில் ஏறக்குறைய 10 முதல் 12 நாட்கள் செல்லும். அதற்குப் பின்னரே அதன் கடி ஆபத்தாகும். நுளம்பின் வாழ்வில் பத்துப் பன்னிரண்டு நாள் என்பது மிக நீண்ட காலம். பெரும்பாலானவை அவ்வளவு நாள் இருப்பதில்லை. ஆகவே மலேரியாவைக் கொடுப்பது ஊரிலுள்ள நுளம்புகள் அனைத்துமல்ல. அவற்றுள் முதுமை கண்ட ஒரு சிலவே.

கிருமியை உறிஞ்சிய நாளுக்கும் அதைப் பிறருக்குக் கொடுக்கும் நாளுக்கும் இடையில் அந்த நுளம்பு நான்கைந்து தடவை இரத்தம் தேடி வீடுகளுக்குள் வந்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வருகின்றவற்றில் பாதி சாகின்றன என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 100 நுளம்பு முதல் தடவையில் 50 ஆகும். பின்னர் 25, பின்னர் 12, பின்னர் 6. ஐந்தாம் தடவைக்குப் பின் மிஞ்சுவது மூன்று. ஊரில் நுளம்பின் இரைச்சல் குறைந்ததாகவே தெரியாது. ஒவ்வொரு நாளும் புதியவை பிறந்துகொண்டிருக்கும். ஆனால் மலேரியா கொடுக்கும் வயதுவரை வாழ்வது அரிதாகிவிடும். “வலை தந்தார்கள், நுளம்பு குறையவில்லையே” என்று முறையிடுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். குறைய வேண்டியது நுளம்பின் தொகை மட்டுமல்ல, அதன் ஆயுளும்தான்.

வலைமேல் நடப்பது

மருந்திடாத சாதாரண வலை ஒரு வேலி மட்டுமே. ஓட்டை இல்லாமல், பாயின் கீழே செருகி, கைகால் வலையில் படாமல் படுத்தால் அது காக்கும். முழங்கை வலையில் சாய்ந்தால் நுளம்பு வெளியிலிருந்தபடியே குத்தும். ஒரு விரல் நுழையும் ஓட்டை இருந்தால் தேடிக் கண்டுபிடித்து உள்ளே வரும். முழு இரவும் முயன்று தோற்ற நுளம்பு பட்டினி கிடப்பதில்லை. வலை இல்லாத பக்கத்துக் கொட்டிலுக்குப் போகும். இதனால் சாதாரண வலை, உடையவரைக் காத்து, இல்லாதவரிடம் நுளம்பை அனுப்பிவிடவும் கூடும்.

1980களில் ஆய்வாளர்கள் இவ்வலையைப் பூச்சிமருந்தில் தோய்த்துப் பார்த்தனர். மருந்து பைரத்ரொயிட்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்பன அதில் அடங்கும். செவ்வந்தி இனப் பூவொன்றில் இயற்கையாகவே உள்ள நஞ்சைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மிகச் சிறிய அளவே நுளம்பின் நரம்பைத் தாக்கி விழுத்திவிடும். மனித உடல் அதே அளவை விரைவில் உடைத்து வெளியேற்றிவிடும். கர்ப்பிணித் தாய்மாரும் கைக்குழந்தைகளும் இவ்வலைக்குள் படுக்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது.

இந்த மருந்து சேர்ந்தவுடன் வேலி பொறியாக மாறியது. பொறியில் இரை யார் என்றால், உள்ளே தூங்கும் நாம்தான். நமது மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டும், உடலின் வாடையும், சூடும் நுளம்பை அழைக்கின்றன. அது வந்து வலையில் இறங்கி நடக்கிறது; கால் வழியே மருந்து ஏறுகிறது. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியினர் தன்சானியாவில், இருளில் படம்பிடிக்கும் கருவியைக் கொண்டு, வலையைச் சுற்றி நுளம்பு பறக்கும் பாதைகளைப் பதிவுசெய்தனர். 2015இல் வெளியான அவ்வாய்வின்படி, நுளம்புகள் பெரும்பாலும் மோதியது வலையின் பக்கங்களில் அல்ல. மேற்பரப்பில், படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு நேர் மேலே. நம் உடலின் சூடும் மூச்சும் மேலெழுவதே இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. ஒவ்வொரு தடவையும் அது வலையில் தங்குவது மிகச் சொற்ப நேரமே. அதுவே போதுமானதாக இருக்கிறது. இதை அறிந்தபின், வலையின் மேற்பக்கம் கிழிந்தால் “மேலேதானே” என்று நாம் விட்டுவிடலாகாது.

மருந்து பட்ட நுளம்புகளுள் சில அங்கேயே விழுந்து சாகும். சில மயங்கி விழுந்து எறும்புக்கு இரையாகும். சில எரிச்சல் தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறும். வெளியேறியது மாட்டைக் கடித்தால் நமக்கு இலாபம்; மனித மலேரியாக் கிருமி மாட்டில் வாழாது. குலிசிபேசிஸ் நுளம்புக்கு மாட்டு இரத்தத்தில் இயல்பாகவே விருப்பம் உண்டு. அதற்காகப் படுக்கை அறையை ஒட்டித் தொழுவம் போட வேண்டாம். மாட்டைத் தேடி வரும் நுளம்பு கதவைத் தாண்டி உள்ளேயும் எட்டிப் பார்க்கும்.

அயல்வீட்டு வலை

மேற்கு ஆபிரிக்காவின் கம்பியா நாட்டுக் கிராமங்களில் மருந்திட்ட வலையின் பயனை அளந்து 1991இல் வெளியிட்டபோது, ஒரு வயது முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் மரணம் 63 வீதத்தால் குறைந்ததாகக் கண்டனர். இதைப் பலர் நம்பவில்லை. பின்னர் வேறு நாடுகளில் செய்த பெரிய பரிசோதனைகளில் பயன் அவ்வளவு இருக்கவில்லை. கென்யாவின் கரையோரத்தில் 33 வீதம், கானாவில் 17 வீதம். அதுவும் பிள்ளைகளின் உயிர்க் கணக்கு என்பதை நினைத்தால் சிறிய எண்ணல்ல.

எமக்கு இவற்றினும் முக்கியமாகப் படுவது கென்யாவின் மேற்கே அசெம்போ என்ற இடத்தில் 1990களின் இறுதியில் கண்ட உண்மை. வலை கொடுக்கப்பட்ட கிராமங்களும், கொடுக்கப்படாத கிராமங்களும் அங்கே அருகருகே இருந்தன. வலை இல்லாத வீடுகளை ஆராய்ந்தபோது, வலையுள்ள கிராமத்திலிருந்து 300 மீற்றருக்குள் இருந்த வீட்டுப் பிள்ளைகள், வலைக்குள் படுத்த பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட நிகராகவே காப்பாற்றப்பட்டிருந்தனர். காரணம் நாம் மேலே போட்ட கணக்குத்தான். பக்கத்து வீட்டு வலையில் செத்த நுளம்பு இந்த வீட்டுக்கு வருவதில்லை.

ஆனால் இந்தப் பயன் ஊரில் ஓரிருவர் வலை கட்டுவதால் வருவதில்லை. பெரும்பாலான வீடுகள் கட்ட வேண்டும். இதனால் வலை பங்கிடும் முறையும் நுளம்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை, அட்டை இல்லை, தங்கியிருப்பது உறவினர் வீட்டில் என்று சொல்லி வந்தேறு குடும்பங்களைத் திருப்பி அனுப்பும் பங்கீடுகளை நாம் பார்த்திருக்கிறோம். அப்படி விடுபடும் கொட்டில்கள் பெரும்பாலும் ஓடைக்கு மிக அருகில் இருப்பவை. அங்கே பசி தீர்த்து முதுமை அடையும் நுளம்பு, வலை பெற்ற வீடுகளுக்கும் வரும். வலை கொடுக்கிறவர் முதலில் அந்தக் கொட்டில்களைத் தேடிப் போவதே புத்தி. புதிய ஊரில் குடியேறுவோர் ஒரு வாரமென்றாலும் தங்கப்போகும் இடத்துக் கிராம உத்தியோகத்தரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் தம் பெயரைப் பதிந்துகொள்வதும் இதற்காகவே.

ஆபிரிக்காக் கண்டத்தில் 2000ஆம் ஆண்டு முதல் 2015 வரை, மலேரியா ஒழிப்பு முயற்சிகளால் சுமார் 66 கோடி நோய்வாய்ப்படல்கள் தவிர்க்கப்பட்டன என்றும், அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு வலையினாலேயே என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது.

நமது நாட்டில்

இலங்கை விடுதலை பெற்றது வலையால் மட்டுமென்று சொன்னால் அது பிழை. 1946இல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினர். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே. வேலை முடிந்தது என்று எண்ணித் தெளிப்பதையும் தேடிப் பார்ப்பதையும் தளர்த்தினர். 1968, 1969 ஆண்டுகளில் இலட்சக்கணக்கானோர் நோயில் விழுந்தனர். நுளம்பு டி.டி.ரி.க்குப் பழகியிருந்தது. 1977 முதல் மலத்தியன் தெளிக்கப்பட்டது. மலேரியா ஒருபோதும் முழுவதும் விலகவில்லை. 1999இல் 264,549 பேர்.

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகளில் அது மறைந்தது எப்படி? போரின் நடுவிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் இரு தரப்பாரின் சம்மதத்தோடு வடக்கிலும் கிழக்கிலும் மருந்து தெளித்தனர். நடமாடும் சிகிச்சைக் குழுக்கள் காய்ச்சல்காரரைத் தேடிப்போய் இரத்தம் எடுத்தன. ஒரே வகை மருந்தை எல்லா இடமும் தெளிக்காமல் மாற்றி மாற்றித் தெளித்தனர். எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் உதவியால், மருந்து நீண்டநாள் நிலைக்கும் வலைகள் ஆபத்துக் கூடிய கிராமங்களுக்கும் இடம்பெயர்ந்தோருக்கும் வழங்கப்பட்டன. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இலட்சக்கணக்கானோர் நெருக்கியடித்து வைக்கப்பட்டபோது மலேரியா வெடிக்கும் என்று பலரும் அஞ்சினர். அங்கே மக்கள் பட்ட துன்பங்கள் பல. மலேரியாப் பெருந்தொற்று அவற்றுள் ஒன்றாகச் சேரவில்லை. தெளிப்பு, பரிசோதனை, குளிசை, வலை என்ற நான்கும் கூடியே இதைச் செய்தன. இவற்றுள் குடும்பத்தின் கையில் இருப்பது வலைதான்.

வலையால் ஆகாதவை

வலை கட்டியும் டெங்கு வந்ததென்று குறைப்படுவோர் பலர். டெங்கைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பகலில் கடிப்பது. இரவு வலைக்கு அது அகப்படாது. பகலில் தூங்கும் குழந்தைக்கும், டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவருக்கும் பகலிலும் வலை கட்டலாம்; நோயாளியைக் கடித்து நுளம்பு கிருமி ஏற்றிக்கொள்வதை அது தடுக்கும். மற்றப்படி டெங்குக்கு மருந்து சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி, தறப்பாள் மடிப்பு ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கவிழ்ப்பதே.

மலேரியா நுளம்பும் நாம் படுக்கும்வரை காத்திருப்பதில்லை. பொழுதுபட்டதும் கடிக்கத் தொடங்கிவிடும். அடுப்படியில் இருக்கும் தாய்க்கும், விளக்கடியில் படிக்கும் பிள்ளைக்கும், இரவில் சேனைக் காவலுக்குப் போகும் தகப்பனுக்கும் வீட்டில் தொங்கும் வலை எதையும் செய்யாது. நீண்ட கைச் சட்டையும் போர்வையும் அந்நேரத்துக்கு உதவும். காவல் குடிலுக்கு ஒரு சிறு வலையைக் கொண்டுபோவது இன்னும் நல்லது.

அடுத்து, நுளம்பு மருந்துக்குப் பழகுதல். ஆபிரிக்காவின் பல பகுதிகளில் நுளம்பு இப்போது பைரத்ரொயிட்டுக்கு எளிதில் சாவதில்லை. அதனால் வேறொரு மருந்தையும் சேர்த்த புதிய வலைகளை 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைத்தது. இதில் உழவருக்கும் பங்குண்டு. மரக்கறிக்கு நாம் அடிக்கும் பூச்சிமருந்துகளில் சில இதே பைரத்ரொயிட்டு இனம். தேவைக்கு மேல் அடிக்கும் மருந்து வாய்க்காலில் கழுவுண்டு போய்க் குடம்பிகளுக்கு மருந்தைத் தாங்கப் பழக்குகிறது.

புதிதாக வந்திருப்பது அனோபிலிஸ் ஸ்டெபென்சி. இந்தியாவில் நகரத்து மலேரியாவைப் பரப்பும் இந்நுளம்பு, 2016 இறுதியில் மன்னாரில் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. ஓடையையும் குளத்தையும் அது நம்பியிருப்பதில்லை. கிணற்றிலும், சீமெந்துத் தொட்டியிலும், மூடாத தண்ணீர்த் தாங்கியிலும் வளரும். வடக்கே போகும் குடும்பங்கள் கிணற்றையும் தொட்டியையும் வலைத்துணியால் மூடிவைக்க வேண்டும். பழைய படுக்கை வலை அதற்குப் போதும்.

கட்டுவதும் பேணுவதும்

நீண்டநாள் வலை என்று வழங்கப்படுவதில் மருந்து நூலோடு சேர்ந்தே இருக்கிறது. 20 தடவை கழுவும்வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு அது நிலைக்கும் என்பது கணிப்பு. பொதியிலிருந்து எடுத்த புதிய வலையை ஒரு நாள் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். இல்லாவிட்டால் முதலிரவில் முகம் சற்று எரியும். தீங்கில்லை, ஆனால் பிள்ளைகள் பயந்து அதற்குப் பின் உள்ளே போக மறுப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கழுவ வேண்டாம். சாதாரண சவர்க்காரம் போதும். வெளுக்கும் தூளும் கொதிநீரும் மருந்தை அழிக்கும். வெயிலில் காயவிடாதீர்கள். ஆற்றிலோ குளத்திலோ அலசாதீர்கள். இந்த மருந்து மீனுக்குக் கொடிய நஞ்சு. வாளியில் கழுவி, நீரைக் கிணற்றுக்குத் தூரமாக நிலத்தில் ஊற்றுங்கள். அதே காரணத்தால் வலையைக் கொண்டு மீன் பிடிப்பதும் தகாது.

பூச்சிமருந்துப் போத்தலில் மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்து, பழைய வலையை அதில் தோய்த்து எடுப்போர் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். இது உயிருக்கு ஆபத்து. பயிருக்குச் செய்த மருந்து தோலுக்கும் மூச்சுக்கும் செய்யப்பட்டதல்ல.

கூடாரத்தில் தொங்கவிடுவதற்கு நான்கு மூலை வலையே வசதியானது. கூம்பு வலைக்குள் இருவர் படுத்தால் யாராவது ஒருவருடைய கை வெளிப்பக்கம் முட்டும். நான்கு மூலைக்கும் நான்கு தடி நட்டு, கயிற்றைத் தளர விடாமல் கட்டி, ஓரத்தைப் பாயின் கீழே செருகுங்கள். பொழுதுபடுமுன் இறக்கிவிடுங்கள். இருவருக்கு ஒரு வலை என்பது கணக்கு. போதாத வீட்டில் வலை குடும்பத் தலைவரின் கட்டிலுக்குப் போய்விடுவதுண்டு; முதலில் கர்ப்பிணிக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கொடுப்பதே முறை. ஓட்டை விழுந்தால் அன்றே ஊசிநூலால் தைத்துவிடுங்கள். மூட்டைப்பூச்சி சாகவில்லை என்பதற்காக வலையைத் தூக்கி எறிந்துவிட்டவர்களும் உண்டு. புதிய வலையில் மூட்டைப்பூச்சியும் சாவது உண்மைதான்; ஆனால் அது நாளடைவில் மருந்துக்குப் பழகிவிடும். அதை வைத்து வலையை அளக்க வேண்டாம்.

காய்ச்சல் வந்தால்

குளிரும் நடுக்கமும், பின்னர் கொதிப்பும், பின்னர் வியர்வையும் வந்து, ஒரு நாள் விட்டு மீண்டும் வருவது மலேரியாவின் பழைய முறை. எல்லோருக்கும் இப்படி ஒழுங்காக வருவதில்லை. இன்றைய இளம் வைத்தியருள் பலர் மலேரியா நோயாளியைப் படித்ததன்றிப் பார்த்ததில்லை. டெங்கு, எலிக்காய்ச்சல், சளிக்காய்ச்சல் என்று அவர் நினைவு முதலில் போகும். ஆகவே சொல்ல வேண்டியது நோயாளியின் பொறுப்பு. இந்தியாவிலிருந்து திரும்பி வந்தவர், ஆபிரிக்கா பக்கம் தொழிலுக்குப் போய் வந்தவர், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தவர் எவரும், வந்து பல மாதமாகியிருந்தாலும், “நான் இன்ன நாட்டில் இருந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்” என்று கேட்க வேண்டும். பல மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வைவக்ஸ் என்ற மலேரியாக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து, மாதக்கணக்கின் பின்னர் மீண்டும் இரத்தத்தில் இறங்கும். அதற்கு பிரைமாகுயின் குளிசையை, முன்னதாக ஓர் இரத்தப் பரிசோதனை செய்து, வைத்தியர் தருவார். வழமையாக 14 நாட்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்திவிட்டால், ஈரலில் இருப்பது அங்கேயே இருக்கும். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனையும் குளிசையும் இலவசம். காய்ச்சலோடு இருக்கும் அந்த நாட்களில் நோயாளி கட்டாயம் வலைக்குள் படுக்க வேண்டும். அவரைக் கடிக்கும் நுளம்புதான் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் ஆபத்தாக மாறக்கூடியது.